மூச்சை அடக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு ஸ்கூபா வழிகாட்டி

குடமுருட்டியில் நீச்சல் பழகியவன் நான். பழகினேன் என்பதைவிடப் பழக்கிவிட்டார்கள் என்பதுதான் சரி. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி அண்ணன் படித்துறையிலிருந்து தள்ளிவிட்டார், நாலு மடக்கு தண்ணீர் குடித்தேன், கரையேறினேன், அவ்வளவுதான் பாடம். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஆற்றில் தண்ணீர் வந்ததும் யார் அதிக நேரம் முங்கிக் கிடப்பது என்கிற ஒரே போட்டிதான். அதனால் புதுச்சேரியில் ஸ்கூபா, அதாவது காற்று டேங்க் கட்டிக்கொண்டு முக்குளிக்கும் பயிற்சிக்குப் பேர் கொடுத்தபோது, கூட வந்த மூன்று பேரும் (அதில் இரண்டு பேருக்கு நீச்சலே அரைகுறை) என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்று ஒரு மிதப்பில் போனேன். முதல் நாள் கடலில் அதிகம் சொதப்பியது நான்தான்.

ஏன் என்று புரிய இரண்டு நாள் ஆனது. தண்ணீருக்குள் நாம் யோசித்துச் செய்வது ரொம்பக் குறைவு. உடம்பு ஏற்கெனவே பழகியதைச் செய்கிறது. எனக்குப் பழகியது ஆறு. ஆறு கற்றுக்கொடுத்ததில் பாதி, முதுகில் காற்று டேங்க் இருக்கும்போது தப்பான பழக்கம். எனவே இந்தக் கட்டுரை தண்ணீர் பயம் உள்ளவர்களுக்கு இல்லை, அவர்களை இன்ஸ்ட்ரக்டர் கண்ணிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வார். கொள்ளிடம், வெண்ணாறு, அரசலாறு, கோயில் குளம் என்று ஊறிக் கிடந்துவிட்டு, "நமக்கென்ன, தண்ணிதானே" என்று கிளம்புகிறவர்களுக்கு.

முதலில் விட வேண்டியது: தம் கட்டுவது

ஆற்றில் முங்குகிறவனுக்கு ஒரே விதிதான். இழுத்துத் தம் கட்டு, முடியாதபோது மேலே வா. ஸ்கூபாவில் முதல் விதி இதற்கு நேர் எதிர்: எந்தக் காரணத்துக்காகவும் மூச்சை அடக்கக் கூடாது.

காரணம் எளிமையானது. பத்து மீட்டர் ஆழத்துக்குப் போனால் உங்களைச் சுற்றியுள்ள அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. ஆற்றில் தம் கட்டிக்கொண்டு அவ்வளவு ஆழம் போனால் நுரையீரலில் உள்ள காற்று பாதியாகச் சுருங்கும், திரும்பி வரும்போது பழைய அளவுக்கு வரும், சேதம் இல்லை. டேங்க்கிலிருந்து வாய்க்குக் காற்று தரும் ரெகுலேட்டர் அப்படி இல்லை, அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைக் கொடுக்கிறது. அங்கே நெஞ்சு நிறைய இழுத்து, அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். விரிய இடமில்லை. நுரையீரல் கிழிந்து காற்றுக்குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். இதற்குப் பத்து மீட்டர் கூட வேண்டாம், நெஞ்சு நிறையக் காற்றோடு ஒன்றரை மீட்டர் ஏறினாலே ஆபத்து உண்டு. நீச்சல் குளத்தின் ஆழம்தான் அது.

இதெல்லாம் வகுப்பில் கேட்டுத் தலையாட்டிவிட்டுத்தான் இறங்கினேன். ஆறு மீட்டரில் ஒரு பாறை இடுக்கில் விலாங்கு ஒன்று தலையை நீட்டியது. என்னை அறியாமல் மூச்சை இழுத்து நிறுத்திவிட்டேன், ஏனென்றால் ஆற்றில் எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் அப்படித்தான் செய்வேன். நெஞ்சு நிறைந்ததும் உடம்பு பலூன் மாதிரி மேலே கிளம்பிவிட்டது. இன்ஸ்ட்ரக்டர் என் காலில் மாட்டியிருந்த துடுப்பைப் பிடித்து இழுத்து, தன் வாய்க்கு முன்னால் கையை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார்: மூச்சு விடு. அன்றைக்கு மட்டும் ஐந்து தடவை காட்டியிருப்பார்.

மூச்சு நிற்கும் நேரங்களை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அழகான எதையாவது பார்க்கும்போது, படம் எடுக்கும்போது, ஏதாவது கொக்கியை மாட்டும்போது, பயப்படும்போது. காற்றை மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டு அடக்குகிறவர்களும் உண்டு, அது மிச்சமும் ஆகாது. நீளமாக இழுத்து அதைவிட நீளமாக விடுவதுதான் சிக்கனம்.

ஊரிலேயே செய்து பார்க்க வேண்டியவை

கண்ணையும் மூக்கையும் மூடும் ஒரு நல்ல மாஸ்க்கும், வாயில் வைத்து மூச்சுவிடும் ஸ்நார்க்கல் குழாயும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஒத்திகைக்குப் பம்புசெட் தொட்டி போதும், கடல் வேண்டாம். தண்ணீர் தெளிவாக இருக்கும், காலை ஊன்றலாம், பயந்தால் எழுந்து நிற்கலாம். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை.

முதல் நாள் மாஸ்க் போட்டு முகத்தை நனைத்து, குழாய் வழியாகப் பத்து நிமிஷம் மூச்சு விடுங்கள். ஒன்றும் நடக்காது, அலுப்பாக இருக்கும், அந்த அலுப்புதான் வேண்டும். அடுத்த நாள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அதையே செய்யுங்கள். இங்கேதான் பலர் துள்ளி எழுவார்கள். மூக்கில் தண்ணீர் பட்டதும் வாயில் இருக்கும் குழாயையும் மூட வேண்டும் என்று உடம்பு சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு, வாயால் இழுத்து மூக்கால் மெதுவாக விட்டுப் பாருங்கள். மூக்கு வேறு வாய் வேறு என்று உடம்புக்குப் புரிய எனக்கு நாலு நாள் ஆனது. கடலுக்கடியில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்து பதறுகிறவர்களுக்கு நீச்சல் நன்றாகவே தெரிந்திருக்கும், இந்த ஒன்று பழகியிருக்காது.

இதைத் தொட்டியில்தான் செய்ய வேண்டும், கட்டிலில் உட்கார்ந்து கற்பனை செய்தால் போதாது என்று சொல்லும்போது பலரும் ஒரு பழைய ஆராய்ச்சியை இழுப்பார்கள். 1975-இல் டங்கன் காடன், ஆலன் பாட்லி என்ற இருவர் முக்குளிப்பவர்களுக்குச் சொற்பட்டியல் கொடுத்துக் கரையிலும் தண்ணீருக்கடியிலும் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். தண்ணீரில் படித்தது தண்ணீரில்தான் நன்றாக நினைவுக்கு வந்தது, கரையில் படித்தது கரையில். பிரபலமான சோதனை, ஆனால் 2021-இல் அதையே மறுபடி செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை. அதனால் நான் அதை ஆதாரமாகக் காட்டப் போவதில்லை. சைக்கிளை ஓட்டித்தான் பழக முடியும், அந்த நியாயமே போதும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வேகவேகமாகப் பத்திருபது மூச்சு இழுத்துவிட்டு ஆற்றில் நெடுநேரம் முங்குகிற அந்தப் பழைய போட்டி. மூச்சுவிடத் தோன்றுவது முக்கியமாகக் கரியமில வாயு கூடுவதால்தான்; அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் எச்சரிக்கையே வராமல் தண்ணீருக்குள் மயக்கம் வந்துவிடும். கொள்ளிடத்தில் மணல் எடுத்த குழிகளும் சுழலும் போதாதென்று இது வேறு.

எங்கே, எப்போது

நம் கரையிலேயே இறங்கலாமே, பூம்புகார் இருக்கிறதே என்று ஆசை வரும். அங்கே 1980-களிலிருந்து தேசியக் கடலியல் நிறுவனத்தின் தொல்லியல் குழுவினர் முக்குளித்து ஆய்வு செய்திருக்கிறார்கள், ஆனால் அவர்கள் வேலையாகப் போனவர்கள். ஆறு கொண்டுவந்து கொட்டும் வண்டலும் சேறும் கலந்த கடலில் புதியவருக்குப் பார்க்க ஒன்றும் கிடைக்காது, பயம்தான் கிடைக்கும். நமக்குப் பக்கம் புதுச்சேரி. லீவு கிடைத்தால் அந்தமான். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கிழக்குக் கரை கலங்கிக் கிடக்கும், ஐப்பசி கார்த்திகையில் பணம் கட்டாதீர்கள்.

ஒரு நாள் ருசி பார்க்கும் டைவ் என்றால் இன்ஸ்ட்ரக்டர் கையைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு மீட்டருக்குள் காட்டிவிட்டு வருவார். ஓப்பன் வாட்டர் என்கிற முறையான பயிற்சி மூன்று நாலு நாள், முடித்தால் 18 மீட்டர் வரை துணையோடு போகலாம். இதற்கு 200 மீட்டர் நீச்சலும் பத்து நிமிஷம் மிதத்தலும் கேட்பார்கள், நம்மவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மருத்துவப் படிவத்தில் பொய் எழுதாதீர்கள். ஆஸ்துமா, இதயம், வலிப்பு, காது அறுவை எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். சளி இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்றால், அதன் வேகம் கடலுக்கடியில் தீர்ந்துபோய் ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும்.

இறங்கும்போது: காதும் கௌரவமும்

இறங்க இறங்க அழுத்தத்தில் காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் காதில் ஒரு சின்ன "டப்", திறந்துவிடும். ஒவ்வொரு மீட்டருக்கும், வலி வருவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டும். வலித்த பிறகு ஊதினால் திறக்காது. அரை மீட்டர் ஏறி மறுபடி முயல வேண்டும். இவ்வளவுதான் தொழில்நுட்பம். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மற்ற மூன்று பேர் கீழே போய்க் காத்திருக்கிறார்கள், நாம் மட்டும் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோம், அதுவும் "எனக்கு நீச்சல் தெரியும்" என்று படகில் சத்தமாகச் சொன்னவன். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். அன்று ராத்திரி பஸ்ஸில் ஊர் திரும்பும்போது ஒரு காது கேட்கவில்லை, அது சரியாவதற்கு ஒரு வாரம் ஆனது. செவிப்பறை கிழியாமல் தப்பியது அதிர்ஷ்டம்.

எனவே படகிலேயே சொல்லிவிடுங்கள்: "எனக்குக் காது மெதுவாகத்தான் திறக்கும், காத்திருக்க வேண்டும்." முன்கூட்டியே சொன்னவனுக்குக் கீழே வெட்கப்பட ஒன்றும் இருக்காது. இதைவிடப் பயனுள்ள வாக்கியம் ஸ்கூபாவில் எனக்குத் தெரியாது.

பயம் வரும் வழி

கீழே உலகம் கொஞ்சம் பொய் சொல்லும். பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் பக்கத்திலும் தெரியும், சிவப்பு நிறம் முதலில் காணாமல் போகும். சத்தம் காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போவதால் படகு எந்தப் பக்கம் என்றே தெரியாது, எல்லாப் பக்கமும் ஓடுவது மாதிரி இருக்கும். வெதுவெதுப்பான கடல்கூட அரை மணி நேரத்தில் குளிரும்.

பயம் இவற்றிலிருந்து ஒரேயடியாக வருவதில்லை, சில்லறையாகச் சேர்கிறது. மாஸ்க் கொஞ்சம் கசிகிறது, அமிழ்வதற்காகக் கட்டிய ஈய பெல்ட் இடுப்பில் நழுவுகிறது, முன்னால் போகிறவர் வேகமாகப் போகிறார். ஒவ்வொன்றும் அற்பம். மூன்றும் சேரும்போது மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஆகிவிடும், கரியமில வாயு தேங்கும், டேங்க்கில் பாதிக்கு மேல் காற்று இருக்கும்போதே "காற்று வரவில்லை" என்று தோன்றும். அந்த நிலையில் ரெகுலேட்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேலே பாய்கிறவர்கள் உண்டு. அசட்டுத்தனம் இல்லை அது, ஆற்றில் பழகிய உடம்பு: மூச்சு முட்டினால் வாயில் இருப்பதைத் துப்பு, மேலே போ.

வில்லியம் மார்கன் என்கிற அமெரிக்க உளவியலாளர் பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களிடம் விசாரித்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஒரு முறையாவது பீதியோ பீதிக்கு நெருக்கமான நிலையோ அடைந்ததாகச் சொன்னார்கள். அனுபவசாலிகளும் அதில் சேர்த்தி. எனக்குப் பிடித்தது இன்னொரு சோதனை, 1971-இல் வெல்ட்மன் குழுவினர் செய்தது. ஆட்களை அழுத்த அறைக்குள் உட்கார வைத்து, சுமார் 18 மீட்டர் ஆழத்து அழுத்தத்துக்குக் கொண்டுபோவதாக நம்ப வைத்தார்கள். உண்மையில் அழுத்தத்தை ஏற்றவே இல்லை. ஆனாலும் அவர்களுடைய இதயம் வேகமாகத் துடித்தது, நேர் எதிரே உள்ள வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் பக்கவாட்டில் எரிந்த விளக்கைக் கவனிக்கத் தவறினார்கள். அதாவது பயம் வந்தால் பார்வை குறுகும். பக்கத்தில் கை நீட்டும் துணைகூடக் கண்ணில் படாது.

அதனால் பழக வேண்டிய வரிசை இது. நில். ஒரு பாறையையோ கயிற்றையோ பிடித்துக் கையையும் காலையும் ஆட்டாமல் நில். மூச்சை விடு, இழுப்பதற்கு முன் முழுசாக விடு, மூன்று முறை. அப்புறம் டேங்க்கில் மிச்சக் காற்றைக் காட்டும் பிரஷர் கேஜைப் பார். பிறகுதான் யோசனை, பிறகுதான் எதையாவது செய்வது. முதல் சின்ன உறுத்தலிலேயே இதைச் செய்யுங்கள், மூன்றாவதுவரை காத்திருக்காதீர்கள். கசியும் மாஸ்க்கை உடனே சரிசெய்கிறவர் பீதிவரை போவதில்லை.

ஈய பெல்ட்டைக் கழற்றும் பழக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். விபத்தில் இறந்தவர்களில் பலர் பெல்ட் இடுப்பிலேயே இருக்கக் கண்டெடுக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரு கொக்கியைத் தட்டினால் விழுந்துவிடும், ஆனால் பதற்றத்தில் கைக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு முறை படகேறும்போதும் கண்ணை மூடிக்கொண்டு கொக்கியைத் தொட்டுப் பாருங்கள், உங்களுடையதையும் துணையுடையதையும். மேலே வந்துவிட்ட பிறகு மிதக்கத் தடுமாறினால் யோசிக்காமல் கழற்றிவிடுங்கள், ஈயத்தின் விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

துணை

இவர்கள் "பட்டி" என்கிறார்கள். நம் ஊரில் பட்டி என்றால் ஆடு அடைக்கும் இடம், எனக்குப் பழக நாளானது. முத்துக்குளிப்பில் மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவர் மைத்துனராக இருப்பார் என்பார்கள், தங்கச்சி தாலிக்காகக் கயிற்றை விடமாட்டார் என்று. பட்டி என்பவர் அந்த மைத்துனர்தான், ஆனால் கயிறு இல்லை, இரண்டு மூன்று மீட்டருக்குள் இருந்துகொண்டு அடிக்கடி திரும்பிப் பார்ப்பதுதான் கயிறு. முன்பின் தெரியாத ஒருவரோடு ஜோடி சேர்த்தால் இறங்கும் முன் பத்து நிமிஷம் பேசுங்கள்: எத்தனை டைவ் முடித்தவர், படம் எடுப்பவரா, காற்று எவ்வளவு இருக்கும்போது திரும்புவது. கேமராவோடு வருகிறவரோடு ஜோடி சேர்ந்தால் நீங்கள் தனி ஆள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவம் அப்படி.

சொந்தக்காரர்களோடு போகும்போது வேறு தொல்லை. மச்சான் இறங்குகிறான், நான் எப்படி வேண்டாம் என்பது? யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் டைவை நிறுத்தலாம் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட வழக்கம். கிளம்பும் முன்பே வேனில் இதை எல்லோரும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

கை சைகையில் ஒரு குழி உண்டு. கட்டைவிரலை உயர்த்தினால் நமக்கு "சூப்பர்". அங்கே அதற்கு "மேலே போகலாம்" என்று அர்த்தம். நான் உற்சாகமாக இரண்டு முறை காட்டி, இரண்டு முறையும் இன்ஸ்ட்ரக்டர் என்னை மரியாதையாக மேலே கூட்டிவந்துவிட்டார். நன்றாக இருக்கிறது என்றால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். சரியில்லை என்றால் விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, எங்கே கோளாறோ அங்கே காட்ட வேண்டும். தலையாட்டாதீர்கள், நம் தலையாட்டல் தரையிலேயே பாதிப் பேருக்குப் புரியாது.

கையும் காலும்

கலங்கல் ஆற்றில் கைதான் கண். துழாவுவோம், பிடிப்போம், காலால் தரையை உந்துவோம். பவளப்பாறை மேல் இது நடக்கக் கூடாது. கரீபியக் கடலில் உள்ள செயின்ட் லூசியா தீவில் 353 பேரைப் பின்தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் எங்காவது பாறையைத் தொட்டார்கள், அதில் பெரும்பாலும் துடுப்பின் அடி. கேமரா வைத்திருந்தவர்கள் அதிகம் தொட்டார்கள். இறங்கும் முன் கொடுத்த சின்ன அறிவுரையால் பலனில்லை. வழிகாட்டி கூடவே வந்து தடுத்தபோதுதான் குறைந்தது. கேட்டதை விட்டுவிட்டுப் பழகியதைத்தான் செய்தார்கள், என்னைப் போலவே.

கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள், திசை மாற்றக் காலே போதும். காலை முழங்காலிலிருந்து சைக்கிள் மிதிப்பது போல மிதிக்காமல், இடுப்பிலிருந்து மெதுவாக வீசுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்குச் சேற்றுழவு ஓட்டிய வயல் மாதிரிதான் தெரியும். ஈயம் அதிகமாகக் கட்டிவிட்டிருந்தால் உடம்பு கால் தாழ்ந்து நிற்கும், துடுப்பு பாறையில் இடிக்கும். ஒரு கிலோ குறைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், தருவார்கள். பவளத் துண்டு எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

ஏறும்போதும் பிறகும்

பிரஷர் கேஜ் 200 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) தொடங்கினால் 100 வந்ததும் துணைக்குச் சொல்லுங்கள், மேலே வரும்போது 50 மிச்சம் இருக்க வேண்டும். நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள், நீங்கள் விடும் குமிழிகளில் சின்னதை முந்தாமல் வந்தால் ஓரளவு சரியாக இருக்கும். ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்க வேண்டும். அந்த மூன்று நிமிஷம்தான் எனக்குப் பொறுமை போகும் இடம், ஏனென்றால் மேலே வெளிச்சம் தெரிகிறது, ஆற்றில் வெளிச்சம் தெரிந்தால் பாய்வதுதான் வழக்கம். வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு, குமிழி விட்டுக்கொண்டே இருங்கள்.

அந்தமானிலிருந்து விமானம் என்றால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். புதுச்சேரியிலிருந்து பஸ் என்றால் இந்தக் கவலை இல்லை, காதுக்குள் கொஞ்சம் உப்புத் தண்ணீர் ஆடும், தானாக இறங்கிவிடும்.

பஸ்ஸில் தூங்குவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை கிலோ ஈயம், எந்த உடை, எந்த ஆழத்தில் காது அடைத்தது, எங்கே மூச்சு நின்றது, எவ்வளவு காற்று மிச்சம். என் நோட்டின் முதல் பக்கத்தில் "விலாங்கு, 6 மீ., தம் கட்டினேன்" என்று இருக்கிறது. பதினோராவது பக்கத்தில்தான் அந்தக் கடைசி வார்த்தை முதல் முறையாக இல்லாமல் போனது.